உயர்த்திய ஜீப் ராங்ளரில் தரை இடைவெளியை மீட்பது: ஸ்லிப் யோக்கை நீக்கி அடித்தகட்டை மேலேற்றும் முறை

1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ராங்ளர் டி.ஜே. வண்டியை 3 அல்லது 4 அங்குலம் உயர்த்தியதும், பெரும்பாலும் முதலில் தலைகாட்டும் தொல்லை, வேகம் கூடக்கூட இருக்கைக்கு அடியிலிருந்து எழும் அதிர்வுதான். அதை அடக்குவதற்கு விற்கப்படும் மலிவான வழி, கியர்பாக்ஸையும், அதன் விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தாங்கும் அடித்தகடான ஸ்கிட் பிளேட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே துண்டுகளை வைத்து, அதை ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இறக்குவது. அதிர்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால், பாறையில் முதலில் மோதும் பாகமே அந்த ஸ்கிட் பிளேட் என்பதால், பணம் கொடுத்து வாங்கிய உயரத்தில் ஓர் அங்குலத்தை நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இந்த வண்டியின் முன் பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம் 93.4 அங்குலம்தான், நடுவயிறு ஓர் அங்குலம் இறங்கினால், மேடு தாண்டும் கோணத்தில் ஏறத்தாழ 2 டிகிரி போய்விடும். ஆகவே அந்தத் துண்டுகளைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதிர்வு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மாற்று வழியும் தானாகவே விளங்கும். சுழலும் இரு தண்டுகளை இணைக்கும் சாதாரண யூ-ஜாயிண்ட் ஒரு கோணத்தில் வளைந்து சுழலும்போது, மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் கோணம் மிகவும் கூடும்போது அந்தச் சரிக்கட்டலும் போதாமல் போகிறது. டி.ஜே.யின் பின்பக்க ஷாஃப்ட் இயல்பாகவே மிகக் குட்டையானது, அதிலும் என்.வி.231 டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் நீண்டிருக்கும் வால் உறையும், அதற்குள் முன்னும் பின்னும் நகரும் ஸ்லிப் யோக் என்ற இணைப்புக் கவையும் இருக்கின்ற இடத்தையும் தின்றுவிடுகின்றன. ஷாஃப்ட் குட்டையாக இருந்தால், அதே உயரத்துக்குக் கோணம் இன்னும் செங்குத்தாகும். எனவே வால் உறையையும் ஸ்லிப் யோக்கையும் நீக்கி, குட்டையான புதிய மெயின் ஷாஃப்ட்டையும் நகராத யோக்கையும் பொருத்தி, மிச்சமாகும் இடத்தில், மேல்முனையில் இரட்டை ஜாயிண்ட் (அடுத்தடுத்து இணைந்த இரு யூ-ஜாயிண்ட்கள்) கொண்ட நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் போடுவதுதான் சரியான தீர்வு. 2003 முதல் வெளிவந்த ரூபிகான் வகையில் என்.வி.241 டிரான்ஸ்ஃபர் கேஸும் நகராத யோக்கும் ஆலையிலிருந்தே வருவதால், அதை வைத்திருப்பவர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும் வேலையை விட்டுவிட்டு, ஷாஃப்ட்டிலிருந்து தொடங்கலாம்.

வேலையில் இறங்கும் முன் அதிர்வு எந்த ஷாஃப்ட்டிலிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டி.ஜே.யில் முன் ஆக்சிலைத் துண்டிக்கும் அமைப்பு இல்லை; இருசக்கர இயக்கத்தில் போனாலும் முன் ஷாஃப்ட் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் சந்தேகம் பின்பக்கத்தின் மேல் வலுக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸை வண்டியிலிருந்து இறக்காமலேயே இந்த வேலையைச் செய்யலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றுங்கள். பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால், இருசக்கர நிலையில் கியரோ பார்க் நிலையோ வண்டியைப் பிடித்து நிறுத்தாது; இதை மறந்தவர்களுக்கு விபத்து நேரலாம் என்பதால்தான் முட்டுகளை அழுத்திச் சொல்கிறேன். பிறகு ஆயிலை வடித்து, இரு ஷாஃப்ட்களையும் முன் யோக்கையும் ஸ்பீடோமீட்டர் கியரையும் எடுங்கள். வால் உறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்ளிப் வளையத்தை விடுவித்தபின், பின்பாதிக் கேஸின் போல்ட்டுகளைச் சுற்றிலும் கழற்றலாம். அவற்றில் கேஸின் இரு ஓரங்களிலும் இருக்கும் இரண்டு போல்ட்டுகள் வாஷருடன், இரு பாதிகளையும் நேராகப் பொருத்தும் டவல் (dowel) குழலுக்குள் செல்பவை. அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். இரு பாதிகளையும் பிரிக்க, சீல் பரப்பில் ஸ்க்ரூடிரைவரை நுழைக்காதீர்கள்; ஓரங்களில் அதற்கென்றே வார்க்கப்பட்ட பள்ளங்கள் இருக்கின்றன.

உள்ளே தெரியும் செயின், முன் வெளியேற்ற ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட் ஆகியவற்றை ஒன்றாக வெளியே எடுத்து, பழைய மெயின் ஷாஃப்ட்டில் இருக்கும் ஸ்ப்ராக்கெட்டையும் சிங்க்ரோ தொகுதியையும் ஒவ்வொன்றாகப் புதிய ஷாஃப்ட்டுக்கு மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் எதை நோக்கி இருந்தது என்பதை ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்வது, பிற்பாடு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மூடும் நேரத்தில்தான் மிகுந்த கவனம் தேவை: ஆயில் பம்பிலிருந்து கீழே செல்லும் உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கேஸின் அடியில் வடிகட்டி தன் பள்ளத்தில் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தபின்பே பின்பாதியை நெருக்குங்கள். குழாய் நழுவிய நிலையில் கேஸை மூடினால், வெளியே எதுவும் தெரியாது. ஆனால் பம்ப் ஆயிலை இழுக்காமல், உள்ளிருக்கும் பாகங்கள் வறண்டு தேய்ந்துவிடும். பரப்புகளைத் துடைத்து, சிலிக்கான் சீலண்டை மெல்லிய கோடாக இட்டு, போல்ட்டுகளைப் புதிய மெயின் ஷாஃப்ட் கிட்டின் குறிப்பில் தந்திருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிறகு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஏ.டி.எஃப். (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் நிரப்பும் துளையின் விளிம்பு வரை வந்துவிடும்.

அடுத்தது பினியனின், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் முன்தண்டின், கோணம். இரட்டை ஜாயிண்ட் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தின் கோணத்தைத் தானே சமன்செய்துகொள்வதால், கீழ்முனையிலுள்ள ஒற்றை ஜாயிண்ட்டுக்கு ஓட்டத்தில் கோணமே இருக்கக்கூடாது. அதாவது பினியன் ஷாஃப்ட்டை நேராக நோக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் சற்று மேலே தூக்கும் என்பதால், நிற்கும் நிலையில் நேர்கோட்டுக்கு 1 முதல் 2 டிகிரி தாழ்வாக வைப்பதே வழக்கம். இதற்கு ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய மேல் கண்ட்ரோல் ஆர்ம்கள் தேவை; அவற்றை நீட்டினால் பினியனின் மூக்கு உயரும். கோண அளவியை ஃபிளாஞ்சின் முகத்திலும் ஷாஃப்ட்டின் மீதும் வைத்து அளக்கலாம்.

புதிய ஷாஃப்ட்டுக்கான நீளத்தை, பினியன் கோணத்தை முடிவு செய்தபின், வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது மட்டுமே எடுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும் நிலையில் எடுத்த அளவில் செய்த ஷாஃப்ட் தவறான நீளத்தில்தான் வரும். பொருத்தியபின் ஆக்சிலை முழுமையாகத் தொங்கவிட்டு, கையால் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாருங்கள். ஜாயிண்ட் எங்காவது முட்டி இறுகினால், தொங்கும் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டைகளோ சற்றுக் குட்டையான ஷாக் அப்சார்பர்களோ வேண்டும்.

இவை முடிந்தபின்தான் உண்மையான பலன் கிடைக்கும் வேலைக்கு வருகிறோம். இறக்கும் துண்டுகளை எடுத்தெறிந்துவிட்டு, ஆலையிலிருந்து வந்த தொங்கலான ஸ்கிட் பிளேட்டுக்குப் பதில் சேசிஸோடு ஒட்டினாற்போன்ற தட்டையான ஒன்றைப் பொருத்தலாம். அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலே ஏறுவதால், எஞ்சின் மவுண்ட்டுகளை ஓர் அங்குலமும், பாடியை ஓர் அங்குலமும் உயர்த்துவது நல்லது. இரண்டையும் ஒரே அளவில் உயர்த்தினால், ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்து எழுவதால், ஃபேன் தன் உறையின் நடுவிலேயே நிற்கும். எஞ்சினை மட்டும் தூக்கினால் ஃபேன் இறக்கை உறையில் உரசக்கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் இணைப்பையும் எக்ஸாஸ்ட் குழாயின் இடைவெளியையும் சரிபார்த்து, உயரம் மாறியதால் பினியன் கோணத்தை மீண்டும் ஒருமுறை அமைக்க வேண்டும். ஸ்கிட் பிளேட்டை எவ்வளவு உயர்த்தப் போகிறோம் என்பதை முன்பே தீர்மானித்திருந்தால், இந்த வேலையை முதலில் முடித்துவிட்டு, அதன்பின் ஷாஃப்ட்டுக்கு அளவெடுப்பது மேலும் சிறந்தது.

முன்பக்கத்தில் இரட்டை ஜாயிண்ட் ஷாஃப்ட் ஆலையிலிருந்தே இருக்கிறது. ஆனால் அங்கே பினியனை உயர்த்தினால் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் அலையும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தால் காஸ்டருக்கே முன்னுரிமை தாருங்கள்.

ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியலின் அடி தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்ட வேறுபாட்டில் பாதிதான். 31 அங்குல டயரிலிருந்து 33-க்குப் போனால் அங்கே கிடைப்பது ஓர் அங்குலம். ஆகவே பாறைத் தடத்தில் டிஃபரன்ஷியல் செல்ல வேண்டிய பாதையை ஓட்டுநர் கண்ணால் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.