வசனம் வாயில் இருந்தது, மனதில் இல்லை
மூன்று வாரமாக ஒரே குழப்பம். மும்பை தாராவியில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் பைபிளின் எபேசியர் 4:32-ஐத் தடங்கலில்லாமல் சொல்வார்கள். ஒருவரையொருவர் மன்னிக்கச் சொல்லும் வசனம் அது. அடுத்த நிமிடமே பென்சிலுக்குச் சண்டை. பரிசு கொடுத்தேன், இன்னும் வேகமாக ஒப்பித்தார்கள், அவ்வளவுதான். பெற்றோரிடம் சொன்னேன்; வீட்டில் திட்டு விழுந்தது, சண்டை நிற்கவில்லை.

அப்புறம் ஒரு பையனின் நோட்டைப் பார்த்தேன். தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அதில் வரும் 'மனஉருக்கம்' என்றால் என்ன என்று கேட்டேன். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெறும் ஓசையைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்!

ஒப்பிப்பதை நிறுத்தினேன். மத்தேயு 18-இல் வரும் கடன்காரன் கதையை வீட்டுத் தமிழில் சொன்னேன். ராஜா ஒரு வேலைக்காரனின் பெரிய கடனை மன்னிக்கிறார்; அவனோ தன் சக வேலைக்காரனின் சின்னக் கடனை மன்னிக்க மறுக்கிறான். அவனுக்கு வரவேண்டியது 100 வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி. அவனுக்கு மன்னிக்கப்பட்டதோ 10,000 தாலந்து (அந்தக் காலத்துப் பெரிய பண அளவு). ஒரு தாலந்தே ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்பாவின் கூலியை வைத்துக் கணக்குப் போடச் சொன்னதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

போன ஞாயிறு, சண்டை போட்ட இருவரும் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள். அப்பாடா என்றிருந்தது.