அசோசியேஷனில் கணக்கு கேட்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளை விட்டுவிடுங்கள்

போன மாதம் எங்கள் குடியிருப்பில் புதிதாக வீடு வாங்கிய ஒரு தம்பி மொபைலை நீட்டினார். "சார், செகரட்டரிக்கு இதை அனுப்பலாமா, பாருங்க." கடந்த 5 வருட முழுக் கணக்கையும் 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை என்று இருந்தது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 12 வருடங்களுக்கு முன்னால் நான் அனுப்பியதும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். பதில் வரவில்லை. அது போகட்டும், அந்த வருடப் பொங்கல் விழாவில் கமிட்டிக்காரர்கள் ஒருவர்கூட என்னோடு பேசவில்லை.

அதன்பிறகு பல வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அப்புறம் நானே 2 வருடம் பொருளாளராகவும் இருந்தேன். கணக்கு கேட்கிறவர், கேட்கப்படுகிறவர், இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், சங்கத்தின் பைலாவை, அதாவது விதிமுறைகளைப் படியுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, விவரம் தெரிந்தவர்களும் விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

"ஆடிட் ஆயிடுச்சு சார்" என்றதும் கையைத் தூக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். பிறர் மேல் அல்ல, என்மேல்.

எங்களுடையது 48 வீடுகள். வீடு வாங்கும்போது ஒவ்வொருவரும் 50,000 ரூபாய் கார்ப்பஸ் ஃபண்ட், அதாவது பெரிய செலவுகளுக்கான பொது இருப்பு நிதி, கட்டியிருந்தோம். மொத்தம் 24 லட்சம், வங்கியில் எஃப்டி. ஒவ்வொரு ஏஜிஎம்மிலும், அதாவது ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்திலும், ஆடிட்டர் கையெழுத்திட்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதன் பெயர் வருவாய் மற்றும் செலவினக் கணக்கு. செக்யூரிட்டி இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, கடைசி வரியில் உபரி ஒரு முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ. 4 வருடமாக மெயின்டெனன்ஸை ஏற்றவே இல்லை. பொருளாளருக்கு எல்லோரும் கை தட்டினோம். ஒரு வருடம் சால்வைகூடப் போர்த்தினோம்.

ஐந்தாவது வருடம் இரண்டு லிஃப்டையும் மாற்ற வேண்டிய கட்டாயம். கொட்டேஷன் 30 லட்சம். கார்ப்பஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்தோம். எஃப்டியில் மீதி இருந்தது 9 லட்சம்.

யாரும் திருடவில்லை. அதுதான் இந்தக் கதையில் கசப்பான பகுதி. கோடையில் லாரித் தண்ணீர், மோட்டார் ரீவைண்டிங், கழிவுநீர்த் தொட்டி ரிப்பேர் என்று மாதச் செலவில் வர வேண்டியவற்றை எல்லாம் "அவசரப் பணி" என்று பெயரிட்டு நேராக கார்ப்பஸில் கழித்திருக்கிறார்கள். அதனால் செலவினக் கணக்கில் அவை வரவே இல்லை. அந்தத் தாளில் உபரி, எஃப்டியில் ஓட்டை. போன வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் செலவுக்கு வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 900 ரூபாய் குறைவாகக் கட்டிக்கொண்டு, அதை நிர்வாகத் திறமை என்று பாராட்டியிருக்கிறோம். எஃப்டியைத் தொடாமல் விட்டிருந்தால் வட்டியோடு லிஃப்ட் செலவைத் தொட்டிருக்கும். கடைசியில் வீட்டுக்கு 43,750 ரூபாய் சிறப்பு வசூல். ஓய்வூதியத்தில் வாழும் இரண்டு குடும்பங்கள் அதைத் தவணையில் கட்டின.

ஆத்திரத்தில், கூட்டத் தீர்மானங்களை எழுதி வைக்கும் மினிட்ஸ் புக்கைப் புரட்டினேன், அந்தக் கணக்குகளை யார்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்று பார்க்க. நான்கு வருடமும் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." அதில் ஒரு வருடம் வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் வீட்டு எண் இருந்தது.

ஆடிட்டர் பொய் சொல்லவில்லை. அவரிடம் கொடுத்த புத்தகத்தை அவர் சரிபார்த்தார். லாரித் தண்ணீர் மாதச் செலவா, கார்ப்பஸ் செலவா என்று பொதுக்குழு கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு எங்கள் கையில் தாள் இல்லை. கார்ப்பஸ் தேய்ந்த கதை, சங்கத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் இருந்தது. அதை நாங்கள் கேட்டு வாங்கவே இல்லை. கேட்டிருந்தாலும் "வங்கி இருப்பும் டெபாசிட்டும்" என்று ஒரே வரியில் ஒரு தொகைதான் இருந்திருக்கும்.

ஆகவே, உங்களுக்குக் காட்டுவதற்கென்றே தயாரித்த தாளோடு நின்றுவிடாதீர்கள். வேறு வேலைக்காக உண்டான தாள்களைக் கேளுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு எஃப்டி ரசீதின் நகல், போட்ட தேதியும் முதிர்வுத் தேதியும் தெரியும்படி. பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு, அதாவது வருடத்தில் உள்ளே வந்த, வெளியே போன பணம் அத்தனையும். எஃப்டியை உடைத்திருந்தால் அந்தப் பணம் உள்ளே வந்தது இதில்தான் தெரியும். மிகப் பெரிய மூன்று செலவுத் தலைப்புகளின் வவுச்சர் ஃபைல், அதாவது பில்களும் ரசீதுகளும். அவ்வளவு போதும். "எல்லாக் கணக்கும்" என்று கேட்டால் எதுவும் வராது. வந்தாலும் நாலு அட்டைப்பெட்டியாக வரும், நீங்கள் முதல் பெட்டியிலேயே களைத்துவிடுவீர்கள்.

பார்க்கும்போது மார்ச் 31 இருப்பை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அடுத்த வருட மெயின்டெனன்ஸை முன்கூட்டியே கட்டுகிறவர்களின் பணம் மார்ச் கடைசியில் வந்து குவிந்திருந்தால் கஜானா செழிப்பாகத் தெரியும். நவம்பர், டிசம்பர் பக்கங்களைப் பாருங்கள். வறட்சி அங்கே தெரியும்.

வவுச்சர் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று. மகாராஷ்டிரத்தின் 1970ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திலும் கர்நாடகத்தின் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வரவு செலவுப் புத்தகம் மட்டுமல்ல, அதற்கான வவுச்சர்களும் வேலைநாட்களில் வீட்டு உரிமையாளர்கள் பார்வையிடக் கிடைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதில் நம்பிக்கை என்ற பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் நம் சங்கங்களில் பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. சங்கம் முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உறுப்பினர் எப்போது, எப்படிப் பார்வையிடலாம் என்ற விவரத்துக்கு உங்கள் பைலாவைத்தான் பிடிக்க வேண்டும். செகரட்டரி பைலாவைத் தர மறுத்தால் சண்டை வேண்டாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கலான பைலாவுக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம்.

மெயின்டெனன்ஸைக் கட்டாமல் நிறுத்துவது

வேண்டாம். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கணக்கு கேட்டவர் இல்லை, பாக்கிக்காரர்.

சங்கத்துக்கே ஆர்டிஐ போடுவது

தகவல் உரிமை மனு நானும் போட்டிருக்கிறேன். செகரட்டரி அதை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளாதது ஒன்றுதான் குறை. தகவல் உரிமைச் சட்டம் அரசு அமைப்புகளுக்கும், அரசின் கட்டுப்பாட்டிலோ கணிசமான நிதியிலோ நடக்கும் அமைப்புகளுக்கும்தான். கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய தீர்ப்புதான். ஆனால் அரசுப் பணம் ஒரு பைசாகூட இல்லாத குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த வாதம் இன்னும் நன்றாகவே பொருந்தும்.

அதே தீர்ப்பில் ஒரு ஜன்னலும் திறந்திருக்கிறது. பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலைப் பதிவாளரிடம் கேட்கலாம். ஆகவே மனு போக வேண்டிய இடம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். உங்கள் சங்கம் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறதா, எந்தெந்த வருடத்துக்கு, நகல் கிடைக்குமா என்று மூன்றே கேள்வி. "அப்படி எதுவும் தாக்கலாகவில்லை" என்று பதில் வந்தால், சில சமயம் நகலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பது

குரூப்பில் கேட்டால் பதில் சொல்பவர் பொருளாளராக இருக்க மாட்டார். அவருடைய நண்பராக இருப்பார். "கணக்கு கேட்கிறவங்க ஒரு நாள் வந்து தண்ணி லாரிக்கு நின்னு பாருங்க" என்று அவர் போட, அதற்கு 14 பேர் கைகூப்ப, நடுவில் யாரோ குட் மார்னிங் ரோஜா அனுப்ப, உங்கள் கேள்வி மேலே எங்கேயோ போய்விடும். நான் பொருளாளராக இருந்தபோது குரூப்பில் கேட்ட யாருக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டால் மனசு தானாகவே தற்காப்புக்குப் போய்விடுகிறது. கடிதமாகக் கொடுத்தவர்களுக்கு ஃபைலையே எடுத்துக் கொடுத்தேன்.

கணக்கைப் பார்த்துவிட்டு வந்த கையோடு யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று படம் எடுத்துக் குரூப்பில் போடுவதும் இதே வகைதான். அடுத்த முறை உங்களுக்குக் கதவு திறக்காது.

பில்டர் காலத்தை மறந்துவிடுவது

கமிட்டி வந்த நாளிலிருந்துதான் எல்லோரும் கணக்கு கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பில்டரே வசூலித்து, பில்டரே செலவழித்த ஒன்றிரண்டு வருடங்கள் அநாதையாகக் கிடக்கும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, உள்ளூர்ச் சட்டம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், நிறைவுச் சான்றிதழ் கிடைத்த 30 நாளுக்குள் தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் பில்டர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடங்கள் எப்படியாவது வந்துவிடும். எந்த வீட்டுக்காரரிடம் எந்தத் தேதியில் எவ்வளவு கார்ப்பஸ் வாங்கினார், அதற்கு வட்டி என்ன ஆயிற்று என்ற தாள்தான் வராது. சங்கத்துக்கு மாற்றிய தொகையை உங்கள் எல்லோருடைய ரசீதுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதைத் தொலைத்தவர்கள் விற்பனை ஒப்பந்தத்தில் பார்க்கலாம்.

ஜிஎஸ்டி என்று இருந்தால் கண்டுகொள்ளாமல் விடுவது

ஒரு வீட்டின் மெயின்டெனன்ஸ் மாதம் 7,500 ரூபாய்க்கு மேலும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேலும் போனால்தான் இந்த வரியே. 3,000 கட்டுகிற இடத்தில் வசூலித்தால் பதிவு எண்ணையும் வரி கட்டிய செலானையும் கேளுங்கள்.

வாடகைதாரரை அனுப்பிக் கேட்க வைப்பது

உறுப்பினர் நீங்கள். நீங்களே போங்கள்.

தனி ஆளாகப் புகார் எழுதுவது

கடிதம், நினைவூட்டல், ஸ்பீட் போஸ்ட் எல்லாம் முடிந்தும் அசையாவிட்டால் பதிவாளரிடம் போகலாம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆவது பிரிவு சங்கத்தின் செயல்பாட்டையும் நிதி நிலையையும் விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. அவர் தாமாகவே விசாரிக்கலாம். கமிட்டியில் பெரும்பான்மையோர் கேட்டாலும், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் கேட்டாலும் விசாரிக்கலாம். ஒற்றை ஆள் மனு பெரும்பாலும் "சங்கத்துக்கு அனுப்பி விளக்கம் பெறப்படும்" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் 48 வீட்டுக் கணக்கில் 16 கையெழுத்து. கேட்கச் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை படியேறிப் பாருங்கள். "நான் மனசளவுல உங்க கூடத்தான் சார்" என்று 20 பேர் சொல்வார்கள், பேனாவைத் தொடுகிறவர் 5 பேர்தான். அந்த 16 பேரை முதல் கடிதத்துக்கு முன்னாலேயே சேர்க்கத் தொடங்குங்கள். சண்டை வந்தபின் யாரும் சேர மாட்டார்கள்.

சரி, அந்தத் தம்பிக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். மொபைலில் இருந்ததை அழித்துவிட்டு, ஒரு தாளில் 4 வரி எழுதினோம். சென்ற நிதியாண்டின் வங்கி ஸ்டேட்மென்ட், எஃப்டி ரசீதுகள், தண்ணீர்ச் செலவு வவுச்சர்கள், இவற்றைப் பார்வையிட வரும் 15 நாளுக்குள் உங்களுக்கு வசதியான ஒரு நாளும் நேரமும் சொல்லுங்கள். அவ்வளவுதான். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொன்னார் பொருளாளர். அவர் வீட்டில் காபியும் வந்தது. தண்ணீர் வவுச்சர் எல்லாம் சரியாக இருந்தது. எஃப்டி ஒன்று மட்டும் முதிர்ந்து 7 மாதமாகச் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது, பொருளாளருக்கே தெரியாமல். திங்கட்கிழமை வங்கி திறந்ததும் போய் மறுபடி எஃப்டியில் போட்டுவிட்டு வந்தார்.