நடுவர் கையில் கைப்பேசியைத் திணிக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத் திடலில் போன வருடம் எழுவர் காற்பந்துப் போட்டியின் அரையிறுதி நாற்பது நிமிடம் நின்றுபோனது. மழை காரணமில்லை. பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. கோல் இல்லை என்றார் நடுவர். ஓரத்தில் நின்ற ஒரு தம்பி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி திடலுக்குள் ஓடி வந்தான். நடுவர் குனிந்து பார்த்தார், யோசித்தார், கோல் என்றார். எதிரணிப் பக்கமிருந்து உடனே இன்னொரு கைப்பேசி வந்தது. அதில் கோல் இல்லை. அதற்குள் இருபது தலைகள் நடுவரைச் சுற்றி வளைத்துவிட்டன.

கொடியோடு கோட்டருகே நின்றவன் நான். எது சரி என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

இந்த வருடத் திருவிழாப் போட்டிக்கு “நாமும் வி.ஏ.ஆர். வைத்துவிடலாமே” என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பேச்சு தொடங்கியிருக்கிறது. பெரிய போட்டிகளில் காணொளி நடுவர் ஒருவர் தனி அறையில் படத்தைப் பார்த்துத் திடல் நடுவருக்கு உதவும் முறை அது. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும் பெரியவர்கள், ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காத்த காலத்தில் இதெல்லாம் இருந்ததா என்று கேட்கிறார்கள். இருக்கவில்லைதான். 1986இல் மரடோனா கையால் தட்டிய பந்தைக் கோல் என்று அறிவித்த நடுவருக்கும் எந்தக் கருவியும் இருக்கவில்லை. ஆகவே கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடிய தவறுகளைப் போன வருடமே பார்த்துவிட்டேன். பெரிய போட்டிகளிலும் அதே தவறுகள் நடந்திருக்கின்றன.

படம் இருந்தால் பதிலும் இருக்கும் என்று நம்புவது

2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு வெகு உள்ளே விழுந்து வெளியே வந்தது. நமக்கு அது இரவு ஆட்டம். ஊரே பார்த்தது, நடுவர் மட்டும் பார்க்கவில்லை. 2012இல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. உலகக் கிண்ணத்தில் அது முதல்முறை பயன்பட்டது 2014இல், பிரேசிலில். பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால் ஒரு வினாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குத் தகவல் வந்துவிடும். கேட்கும் கேள்வி ஒன்றே, பதில் ஆம் அல்லது இல்லை. இதுவரை வந்த கருவிகளில் சண்டை குறைவானது இதுதான்.

“அதே வேலையைக் கைப்பேசி செய்யாதா?” என்றால், செய்யாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பல கைப்பேசிகள் சாதாரணமாக வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும். நல்ல உதை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து 67 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பந்தின் குறுக்களவோ சுமார் 22 சென்டிமீட்டர்தான். பந்து கோட்டைத் தாண்டி, தரையில் மோதி, திரும்பியும் வந்திருக்கலாம், கைப்பேசியில் அந்தக் கணம் பதிவாகாமலே போயிருக்கலாம். இரு விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எடுக்காத படம் தெரியப் போவதில்லை.

அடுத்தது நிற்கும் இடம். கோட்டுக்கு நேர் நீட்சியில் கேமரா இல்லாவிட்டால் பந்து இடம் மாறித் தெரியும். நடுக்கோட்டுப் பக்கமிருந்து எடுத்தால், அந்தரத்தில் இருக்கும் பந்து உண்மையைவிட அதிகமாக உள்ளே போனதுபோல் இருக்கும். கோலுக்குப் பின்பக்கத்திலிருந்து எடுத்தால் இன்னும் தாண்டாததுபோல் இருக்கும். போன வருடம் இரண்டு தம்பிகளும் பொய் சொல்லவில்லை. ஒருவன் நடுக்கோட்டருகே நின்றான், மற்றவன் கோலுக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் நின்றான். அவ்வளவுதான் விஷயம்.

பந்து உருண்டை என்பதையும் மறந்துவிடுகிறோம். 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மித்தோமா கோட்டோரத்திலிருந்து பந்தைத் திருப்பி அனுப்பினார், அது கோலானது. நமக்கு விடியற்காலை நேரம். ஓரத்திலிருந்து எடுத்த படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் பளிச்சென்று தெரிந்தது. வெளியே போன பந்து என்று பாதி உலகம் கத்தியது. விதி கேட்பது வேறு: பந்தின் எந்தப் பகுதியும் கோட்டின் மேல்கூட இருக்கக்கூடாது. தரையைத் தொடுவது பந்தின் ஒரு புள்ளிதான். வயிற்றுப்பகுதி அந்தப் புள்ளியிலிருந்து 11 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பந்து தொட்ட இடம் கோட்டைத் தாண்டி ஒரு கையகலம் தள்ளியிருந்தாலும் பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படங்கள் வந்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

சரியான கருவியும் தவறும். 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா திடலில் ஷெஃபீல்ட் யுனைடெட் அடித்த பந்தைக் கோல்காவலர் பிடித்துக்கொண்டே கோட்டுக்குள் போய்விட்டார். நடுவரின் கைக்கடிகாரம் பேசவில்லை. அந்தக் கோலைக் கண்காணித்த ஏழு கேமராக்களின் பார்வையையும் கோல்காவலரும் தற்காப்பு ஆட்டக்காரரும் கம்பமும் சேர்ந்து மறைத்துவிட்டன என்று கருவி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 9,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி ஒரு மறைப்பு நடந்ததில்லை என்றும் சொன்னது. ஏழு கேமராவுக்கே அந்தக் கதி. நமக்கு ஒரு கைப்பேசி, அதன் திரையிலும் கீறல்.

கேள்வி என்ன என்றே தெரியாமல் பார்ப்பது

2018 மார்ச்சில் வி.ஏ.ஆர். விதிப்புத்தகத்தில் ஏறியபோது அது தலையிடக்கூடிய இடங்கள் நான்கு என்று வரையறுத்தார்கள்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுத்தல். அந்த நான்கிலும்கூடத் தெளிவான, கண்கூடான தவறாக இருக்க வேண்டும், அல்லது நடுவர் பார்க்கத் தவறிய பெரிய சம்பவமாக இருக்க வேண்டும். “எனக்கென்னவோ அது ஃபவுல் மாதிரித் தோன்றுகிறது” என்பதற்கு அங்கே இடமில்லை. எங்கள் அரையிறுதியில் யாரும் இதை முன்கூட்டிப் பேசவில்லை. கோல் சண்டை ஓய்ந்ததும் ஒருவர் முதல் பாதியில் பக்கக் கோட்டிலிருந்து எறிந்த எறிபந்து ஒன்றையும் பார்க்கச் சொன்னார்!

விதியில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. நடுவர் முதலில் தம் முடிவைச் சொல்லியாக வேண்டும். “தெரியவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அவர் நழுவ முடியாது. படத்தில் தெளிவு கிடைக்காவிட்டால் நிற்பதற்கு ஒரு முடிவு வேண்டுமல்லவா? நம் ஊரில் இதுதான் முதலில் காற்றில் பறக்கிறது. கைப்பேசி வரும் என்று தெரிந்ததும் விசில் தயங்க ஆரம்பிக்கிறது.

முடிவைச் சொன்னால் மட்டும் போதாது, படம் பார்ப்பவர் காதிலும் அது விழ வேண்டும். 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டம். நம் பக்கம் நள்ளிரவு தாண்டிவிட்டது. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோலடித்தார், கோட்டு நடுவர் ஆஃப்சைடு (பந்து உதைபடும்போதே எதிரணித் தற்காப்பைத் தாண்டி நின்றார்) என்று கொடி தூக்கினார், கோல் இல்லை. அறையில் இருந்த காணொளி நடுவர் படத்தைப் பார்த்தார். ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் திடலில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆகவே சரிபார்த்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். திடலில் அது ‘உங்கள் முடிவு சரி’ என்று கேட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. சில வினாடிகளில் தவறு புரிந்தபோது திருத்த வழியில்லை. லிவர்பூல் 2–1 என்று தோற்றது.

கேமரா, கோடு, கணிப்பு எல்லாம் சரியாக இருந்த ஆட்டம் அது. ஒரு வாக்கியம் மட்டும் அரைகுறை. “சரி”, “ஓகே”, கட்டைவிரல் தூக்குவது, இவற்றையெல்லாம் எங்கள் திடலில் தடை செய்யச் சொல்லியிருக்கிறேன். ‘நீங்கள் கொடுத்தது கோல் இல்லை. படத்தில் கோல்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். பேச மூன்று வினாடி ஆகுமா?

மெதுவாக ஓட்டிப் பார்த்து ஆளைத் தண்டிப்பது

எந்த மோதலையும் மெதுவாக ஓட்டினால் கொலை முயற்சிபோல் தெரியும். 2016இல் வந்த ஓர் ஆய்வில், கொள்ளையில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் காணொளியை மெதுவாகப் பார்த்தவர்கள், இயல்பான வேகத்தில் பார்த்தவர்களைவிட, அதைத் திட்டமிட்ட செயல் என்று அதிகமாக நம்பினார்கள். யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது என்று நம் மூளை எண்ணிக்கொள்கிறது. உண்மையில் அவனுக்கு இருந்தது அரை வினாடி.

அதனால்தான் வி.ஏ.ஆர். நடைமுறை இதைப் பிரித்து வைத்திருக்கிறது. கால் எங்கே பட்டது, பந்து கையில் பட்டதா என்பதற்கு மெதுவான படம். எவ்வளவு பலமாக மோதினான், அட்டை கொடுக்கலாமா என்பதற்கு இயல்பு வேகம். தோட்டப் பையன்கள் நாளை மறுபடி ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். மெதுவான படத்தைப் பார்த்து ஒருவனை வெளியே அனுப்பினால் அந்தக் காணொளி பிறகு புலனக் குழுக்களில் என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆஃப்சைடு பற்றி அதிகம் எழுதவில்லை. எங்கள் எழுவர் ஆட்டத்தில் அது கிடையாது, நிம்மதி. பதினொருவர் ஆட்டம் நடத்துகிறவர்கள் மட்டும் கவனிக்க: 2022 கத்தாரில் அந்த வேலைக்கு 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை குறித்தன. பந்துக்குள் இருந்த உணரி, உதை விழுந்த கணத்தைக் கண்டுபிடிக்க வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கைப்பேசித் திரையில் அளவுகோல் வைத்துக் கோடு போடும் அண்ணன்கள் அதை நிறுத்திக்கொண்டால் நல்லது.

ஆட்டம் தொடங்கிய பிறகு திரும்பிப் பார்ப்பது

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், ஆள் மாறாட்டம், வன்முறை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பழைய சம்பவத்துக்குப் போக முடியாது. கருவி கெட்டாலும், அதை வைத்துத் தவறான முடிவு எடுத்தாலும் ஆட்டம் செல்லும். மறு ஆட்டம் கேட்டு மறுநாள் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் வீட்டு வாசலில் நிற்பவர்களுக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம். இடைவேளை தொடங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2018 ஏப்ரலில் ஜெர்மனியில் மைன்ஸ்–ஃபிரைபர்க் ஆட்டத்தில் முதல் பாதி முடிந்து ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போன பிறகு, நடுவர் படத்தைப் பார்த்துவிட்டு அவர்களைத் திரும்ப அழைத்துப் பெனால்டி கொடுத்தார். விதிப்படி சரிதான். எங்கள் திடலில் அதைச் செய்தால் பாதிப் பேர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள்.

நமக்கு எது பொருந்தும்

அதை வி.ஏ.ஆர். என்று அழைக்காதீர்கள். அந்த முறையைப் பயன்படுத்த ஃபிஃபாவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சங்கத்தில் பதிவு பெற்ற நடுவரை அழைப்பதாக இருந்தால், அவருக்கு இதில் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஃபிஃபா ஒரு சிறிய முறையைச் சோதித்தது. கேமரா குறைவான போட்டிகளுக்காக உருவானது. தனி அறை இல்லை, எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும் காணொளி நடுவரும் இல்லை. பயிற்றுநருக்கு ஆட்டத்துக்கு இரண்டு கோரிக்கைகள். அவர் கேட்டால் நடுவரே போய்ப் பார்ப்பார். கோரிக்கை சரியென்றால் அது கழியாது. நமக்கு ஏற்றது இந்த வழிதான் என்பது என் கருத்து. வாய்ப்பை வீணாக்கினால் போய்விடும் என்று தெரிந்தால் எறிபந்துக்கெல்லாம் யாரும் கை தூக்க மாட்டார்கள்.

இந்த வருடம் நாங்கள் எழுதி வைத்திருப்பது இது. இரண்டு கோல் கோடுகளின் நேர் நீட்சியிலும் ஒவ்வொரு முக்காலி, அதில் வினாடிக்கு 60 படம் எடுக்கும்படி வைத்த கைப்பேசி. யாரும் அதைக் கையில் எடுக்கக்கூடாது. 60 வைத்தாலும் பலமான உதையில் இரண்டு படத்துக்கு இடையே 33 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும், அதையும் முன்பே சொல்லிவிடுகிறோம். கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டே: பந்து தாண்டியதா, அட்டை சரியான ஆளுக்குப் போனதா. அணித் தலைவர் மட்டும் கேட்கலாம், பாதிக்கு ஒரு முறை. ஒரு நிமிடத்தில் தெளிவாகத் தெரியாவிட்டால் முதல் விசில்தான் முடிவு. வெளியிலிருந்து கைப்பேசியோடு திடலுக்குள் வருபவரின் அணிக்கு அந்தப் பாதியின் வாய்ப்பு போகும்.

இவ்வளவும் ஒரே கூட்டத்தில் முடிந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார ஆள் தேடத்தான் இரண்டு வாரம் ஆனது. இரண்டு அணியிலும் மாமன் மச்சான் இல்லாதவர் எங்கள் தோட்டத்தில் எங்கே கிடைப்பார்? ஒரு முனைக்கு, மருந்தகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவரைப் பிடித்திருக்கிறோம். காற்பந்தே தெரியாது என்றார், அதுதான் வேண்டும் என்றோம். மாலை மழை வந்தால் குடை தருவீர்களா என்று மட்டும் கேட்டார். அடுத்த முனைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.