கராஜை அறையாக்கலாமா? மேசனைக் கூப்பிட முதல் பார்க்க வேண்டியவை

மூன்று சுவரும் கூரையும் ஏற்கெனவே இருக்கின்றன, முன்பக்கத்தை அடைத்தால் அறை வந்துவிடும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் காசு போகும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: நிலத்துக்குக் கீழே, சட்டர் வாசலுக்குக் கீழே. வன்னியில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுந்த சிறிய வீடுகளில் கராஜ் பெரும்பாலும் பின்னாளில் பக்கச்சுவரோடு சேர்த்து இறக்கியது. வீட்டுக்குப் போட்ட அத்திவாரம் அதற்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கீழே உள்ள கணக்குகள் 10 அடி அகலம், 18 அடி நீளமான கராஜுக்கு.

படி 1: உயரம்

கூரை தாழும் பக்கத்தில் நிலத்திலிருந்து சுவர் உச்சிவரை அளவுங்கள். நிலத்தை 8 அங்குலம் உயர்த்த வேண்டிவரும் (ஏன் என்பது படி 4இல்). அதைக் கழித்தபின் 8 அடிக்குக் குறைந்தால் கூரையைக் கழற்றிச் சுவரை உயர்த்த வேண்டும். அந்த வேலைக்கு இறங்குவதைவிட வீட்டின் மறுபக்கத்தில் புதிதாக ஒரு பத்தி (வீட்டுச் சுவரோடு சேர்த்துச் சாய்ப்பாகக் கூரை இறக்கும் அறை) இறக்குவதே நல்லது.

படி 2: ஈரம்

2 அடிக்கு 2 அடி பொலித்தீனை நிலத்தில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் போகாதபடி டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் அடியில் நீர்த்துளி இருந்தால், அல்லது சீமெந்து கறுத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. இதைக் கார்த்திகை, மார்கழியில் செய்ய வேண்டும். ஆடியில் செய்தால் எந்தக் கராஜும் காய்ந்ததாகத்தான் காட்டும்!

2018 டிசெம்பர் வெள்ளம் உங்கள் வளவுக்குள் வந்திருந்தால், தண்ணீர் நின்ற மட்டத்தையும் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். புதிய நிலம் அதற்கு மேலே வரவேண்டும்.

படி 3: சட்டர் வாசல்

பலர் பிழைவிடும் இடம் இது. வாகனம் ஏறுவதற்காக வாசலில் வெறும் கொங்கிறீற்றுத் தட்டுத்தான் போட்டிருப்பார்கள், அத்திவாரம் இராது. அதன்மேல் கல் கட்டினால் அடுத்த மாரிக்குள் தட்டு இறங்கி, பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் நிமிர்ந்த வெடிப்பு வரும். பூசினாலும் திரும்ப வரும்.

ஒரு ஓரத்தில் 1 அடி கிண்டிப் பாருங்கள். கருங்கல் தெரியாவிட்டால் தட்டை வெட்டி, ஒன்றரை அடி அகலத்தில், குறைந்தது 2 அடி ஆழத்தில், இறுகிய மண் வரும்வரை தோண்டிக் கருங்கல் அத்திவாரம் போட வேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண் மழையில் பொங்கி, கோடையில் பிளக்கும். அங்கே இந்த ஆழம் போதாது, பொறியியலாளரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

8 அடிக்கு 8 அடி வாசலில் 4 அடிக்கு 4 அடி யன்னல் வைத்தால், 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல் உடைவோடு சேர்த்து 60 போதும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை பழைய சுவரில் 4 அங்குலம் துளைத்து 6 மில்லிமீற்றர் கம்பி செருகி, புதிய சுவருக்குள் ஒரு அடி நீட்டி விடுங்கள்.

படி 4: நிலம்

கராஜ் நிலம் தண்ணீர் வடிய வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். நேரே மாபிள் ஒட்டினால் கட்டிலும் சரியும். எண்ணெய் ஊறிய இடங்களைக் கொத்தி எடுங்கள், டீசல் மணம் எளிதில் போகாது.

பிறகு 4 அங்குலம் கிறவல் போட்டு நனைத்து இடியுங்கள். இறுகும்போது அமுங்குவதால் முக்கால் கியூப்புக்குக் (ஒரு கியூப் 100 கனஅடி) கொஞ்சம் கூடவே எடுங்கள். கறையான் மருந்து இந்தக் கட்டத்தில்தான் அடிக்க வேண்டும், பொலித்தீன் விரித்தபின் பயனில்லை. கிணறு அருகில் இருந்தால் மருந்து அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதன்மேல் தடித்த பொலித்தீன், அதன்மேல் 3 அங்குலம் 1:2:4 கொங்கிறீற்று: சீமெந்து 8 பை, மணல் 20 கனஅடி, சல்லி 40 கனஅடி. மாபிளும் அதன் சாந்தும் ஒரு அங்குலம்.

படி 5: காற்று, வெப்பம், மின்சாரம்

யன்னல்களின் மொத்தப் பரப்பு நிலத்தின் ஏழில் ஒரு பங்காவது இருக்கட்டும்: இங்கே 26 சதுர அடி. முன்பக்க யன்னல் 16 மட்டுமே தரும். எதிர்ச்சுவரில் 4 அடிக்கு 3 அடியில் இன்னொன்று வைத்தால் சோழகம் ஊடே போகும். தகரக் கூரையென்றால் சீலிங் அடித்து, மேலே காற்றுப் போக ஓட்டைக்கல் வையுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றை உலர்ந்த நிலையில் துளைக்கவோ வெட்டவோ கூடாது, தூசு நுரையீரலுக்குக் கெடுதல். வயறிங்கைப் பழைய ஒற்றை பல்ப் வயரிலிருந்து இழுக்காமல், ட்ரிப் சுவிட்சிலிருந்து தனியாகக் கொண்டுவாருங்கள்.

படி 6: அனுமதியும் வாகனமும்

முன்சுவரை அடைக்க முதல் பிரதேச சபையில் கேளுங்கள், வரைபடம் கேட்கக்கூடும். லான்ட்மாஸ்ரரும் நெல் மூட்டையும் தண்ணீர்ப் பம்பும் எங்கே போகும் என்பதையும் இப்போதே முடிவெடுக்க வேண்டும். அவற்றுக்கு ஒரு கொட்டில் போடும் செலவையும் கூட்டிய பிறகே, புதிய பத்தி இறக்கும் விலையோடு ஒப்பிடுங்கள்.