ஓடைத் தண்ணி எப்படின்னு தெரியணுமா, கல்லைத் திருப்பிப் பாருங்க

மலை ஓடை கண்ணாடி மாதிரி இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, தெளிவு வேற சுத்தம் வேற. தண்ணி சலசலன்னு ஓடுற இடத்துல கையளவு கல் நாலஞ்சு எடுத்து அடிப்பக்கம் என்ன பூச்சி ஒட்டியிருக்குன்னு பாருங்க, தண்ணி எப்படின்னு அதுங்கதான் காட்டும். ரெண்டு வால், ஒவ்வொரு கால் நுனியிலயும் ரெண்டு நகம்னா ஸ்டோன்ஃப்ளை குஞ்சு, ஆக்சிஜன் குறைஞ்சா சீக்கிரமே காணாம போற ஆளு. பெரும்பாலும் மூணு வாலோட, வயித்தோரமா செவுள் இருந்தா மேஃப்ளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கிறது கேடிஸ் புழு (செம அழகா இருக்கும்!).

இது எதுவுமே இல்லாம வெறும் சிவப்புப் புழுவா நெளிஞ்சா சந்தேகப்படுங்க, அதுக்கு ஹீமோகுளோபின் இருக்கறதால ஆக்சிஜன் கம்மியான சாக்கடைத் தண்ணிலயும் தாக்குப்பிடிக்கும். பிரிட்டன்ல 1980 வாக்குல வந்த பிஎம்டபிள்யூபி (BMWP)ங்கற, பூச்சியை வச்சுத் தண்ணி தரத்தை அளக்கற முறையில ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1லேருந்து 10 வரை மார்க், அழுக்கைத் தாங்காததுக்கு அதிகம்; ஸ்டோன்ஃப்ளை பலதுக்கும் 10, சிவப்புப் புழு குடும்பத்துக்கு வெறும் 2.

லேப் டெஸ்ட் அன்னிக்கு எடுத்த தண்ணியைத்தான் சொல்லும், இந்தப் பூச்சிங்க மாசக்கணக்கா ஓடையிலயே கிடக்கறதால அத்தனை நாள் நிலைமையையும் காட்டும். வெள்ளம் வந்த கையோட பாக்காதீங்க, எல்லாம் அடிச்சிட்டுப் போயிருக்கும். பூச்சி இருக்குன்னு அப்படியே குடிச்சிடவும் வேணாம், கிருமியை இது காட்டாது. கல்லை எடுத்த இடத்துலயே வச்சிடுங்க.