ஜெர்மனியில் நம் மாணவர் அமைப்புக்கு முதல் கிளை தொடங்குவது எப்படி

தமிழ்நாட்டில் நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு மாணவர் அமைப்பை, அது வாசிப்பு வட்டமோ நாடகக் குழுவோ அறிவியல் பரப்பும் குழுவோ, ஜெர்மனியிலும் தொடங்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பொறுப்பேற்கப்போகிறவர் எந்த செமஸ்டரில் இருக்கிறார் என்பதைத்தான். அங்கே போகும் நம் பிள்ளைகளில் பலர் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்கள். படிப்பு பெரும்பாலும் நான்கு செமஸ்டர். முதலாவது வீடு தேடுவதிலும் அலுவலக வரிசைகளிலும் போய்விடும், கடைசியில் தீசிஸ், அதுவும் பலருக்கு வேறு ஊரில் ஏதோ ஒரு கம்பெனியில். ஆக ஒருவர் கையில் உருப்படியாக இருப்பது நடுவில் உள்ள இரண்டு செமஸ்டர்தான். மூன்றாவது செமஸ்டர்காரரைத் தலைவராகப் போட்டால் பேனர் கட்டும்போதே அவர் பெட்டியும் கட்ட ஆரம்பித்துவிடுவார். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எத்தனை ஊரில் தொடங்குவது? 2022–23 குளிர்கால செமஸ்டரிலேயே இந்திய மாணவர்கள் சீன மாணவர்களை முந்தி அங்கே எண்ணிக்கையில் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். மியூனிக், ஸ்டுட்கார்ட், டிரெஸ்டன், மாக்டெபுர்க் என்று எங்கே கேட்டாலும் தெரிந்தவரின் தம்பி ஒருவர் இருப்பார், அதனால் ஒரே நாளில் ஐந்து ஊரில் அறிவித்துவிடலாமா என்று கை பரபரக்கும். வேண்டாம். இரண்டு ஊர் போதும். ஒன்று மட்டும் என்றால் அது நண்பர்கள் குழுவாகவே நின்றுவிடும், யாரும் எதையும் எழுதி வைக்க மாட்டார்கள். இரண்டாவது ஊர் வந்தால்தான் "நீங்க கூட்டத்துக்கு ரூம் எப்படி வாங்கினீங்க, அந்த ஃபார்மை அனுப்புங்க" என்ற பேச்சே எழும். இரண்டும் சாதாரண ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கட்டும். ஆகெனும் கொலோனும் நல்ல ஜோடி. வட்டார ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும், மாணவர்களுக்கான பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட்டே செல்லும்.

அந்தப் பக்கத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொலோன், டோர்ட்முண்ட், ஹாம் எல்லாம் இருக்கும் அந்த மாநிலத்தில் 1980-களில் இருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் நிறைய. ஹாம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், ஜெர்மன் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, படிப்பு முடிந்தாலும் ஊரை விட்டுப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நிர்வாகக் குழுவிலேயே அப்படி ஒருவரோ இருவரோ இருந்தால் கிளையின் ஆயுள் கூடும். ஆனால் கடிதம் மொழிபெயர்க்க மட்டும் கூப்பிட்டால் இரண்டாவது தடவை வர மாட்டார்கள். என்ன நிகழ்ச்சி நடத்துவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் உட்கார வேண்டும்.

இனி காகித வேலை. முதல் படி பல்கலைக்கழகத்தில் மாணவர் குழுவாக அங்கீகாரம் வாங்குவது. பல மாநிலங்களில் இதை 'அஸ்டா' என்ற மாணவர் மன்ற அலுவலகம் பார்க்கும், சில இடங்களில் பல்கலைக்கழக நிர்வாகமே பார்க்கும், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் ஏற்பாடு வேறு மாதிரி. பொதுவாகக் கேட்பது விதிமுறைத் தாள் ஒன்று, பொறுப்பாளர்கள் பெயர், உறுப்பினர்களில் இத்தனை பேர் அங்கே படிப்பவர்கள் என்பதற்கான பட்டியல். இது கிடைத்தால் இலவசமாக அறை, சுவரொட்டி ஒட்ட அனுமதி, சில இடங்களில் தபால் பெட்டியும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்வார்கள், அந்தத் தேதியை இரண்டு பேர் நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

அடுத்தது சங்கப் பதிவு. பலரும் ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு ஊரிலும் தனிச் சங்கம் பதிவு செய்யப் பார்ப்பார்கள். ஜெர்மன் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும், உள்ளூர் நீதிமன்றத்தின் சங்கப் பதிவேட்டில் ஏற வேண்டும், விண்ணப்பத்தில் நிர்வாகிகளின் கையெழுத்தை நோட்டரி சான்றளிக்க வேண்டும். இதுவரை சரி, செலவும் பெரிதில்லை. சிக்கல் அடுத்த வருடம். தலைவர் மாறினால் அந்த மாற்றத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், திரும்பவும் நோட்டரி, திரும்பவும் கட்டணம். மாணவர் அமைப்பில் வருடா வருடம் தலைவர் மாறுவார், இரண்டு ஊரில் இரண்டு சங்கம் என்றால் இந்த வேலையே இரட்டிப்பு. அதனால் நாடு முழுவதற்கும் ஒரே பதிவுச் சங்கம், ஊர்க் கிளைகள் எல்லாம் பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்ற மாணவர் குழுக்கள் மட்டும், இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சங்கத்தையும் முதல் வருடமே பதிய வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பதியாத சங்கத்தின் பேரில் யார் ஒப்பந்தம் போடுகிறாரோ அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. மண்டபம் வாடகைக்கு எடுப்பது, பெரிய தொகைக்கு ஆர்டர் போடுவது எல்லாம் பதிவுக்கு அப்புறம்.

பதிவு செய்வது என்று முடிவானால் விதிமுறைத் தாளைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வரைவாக வரி அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள். பொதுநலச் சங்கம் என்ற வரிச்சலுகை வேண்டுமானால் அவர்கள் வரிச் சட்டத்தோடு இணைத்திருக்கும் மாதிரி வாசகங்கள் உள்ளே இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகு திருத்தினால் மறுபடியும் பொதுக்குழு கூட்ட வேண்டும். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: உறுப்பினர்களோ நிர்வாகிகளோ எல்லோரும் அல்லது பெரும்பாலோர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் என்றால், சட்டம் அதை வெளிநாட்டவர் சங்கம் என்று பார்க்கிறது, தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் அதற்குரிய அதிகார அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் விட்டுவிடக் கூடாது.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, அங்கே எல்லாப் படிவத்திலும் அது கட்டாயம். ஒருவர் வங்கியில் அப்பா பெயரைப் போடுவார், பல்கலைக்கழகத்தில் இனிஷியலை விரித்திருப்பார், நோட்டரி முன்னால் உட்காரும்போது இரண்டும் பொருந்தாது. குடியிருப்பு அனுமதி அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, புள்ளி முதல் கோடு வரை அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பணம் பற்றி: தாய் அமைப்புக்கும் ஜெர்மன் கிளைக்கும் நடுவில் பணம் போக வேண்டாம், இரண்டு பக்கமும். ஜெர்மன் சங்கத்திலிருந்து தமிழ்நாட்டு அமைப்புக்கு நன்கொடை வந்தால் அது 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் நடத்தும் ஓர் அமைப்பை இதில் இழுத்துவிடாதீர்கள். கிளை தன் டீச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

உறுப்பினர் பட்டியலையும் தலைமைக்கு அனுப்பாதீர்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவுக்கு ஆட்களின் விவரங்களை அனுப்ப இன்னும் பொதுவான அனுமதி இல்லை; எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும். இணையதளம் வைத்தால் பொறுப்பாளர் பெயர், முகவரி போட வேண்டிவரும், பல்கலைக்கழகத்தின் தெரு முகவரியோடு அந்தத் தபால் பெட்டி கிடைத்திருந்தால் அங்கேதான் உதவும், இல்லாவிட்டால் ஒரு மாணவியின் விடுதி அறை எண் ஊருக்கே தெரியும். பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டு போடுவதாக இருந்தால் 'கேமா' என்ற இசை உரிமை அமைப்பிடம் முன்கூட்டியே பதிய வேண்டும்.

எப்போது தொடங்குவது? அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கும், பிப்ரவரியில் தேர்வுக் காய்ச்சல், ஏப்ரலில் அடுத்த செமஸ்டர், ஜூலையில் மறுபடி தேர்வு. முதல் கூட்டத்தை அக்டோபர் கடைசி வாரத்தில் வைத்து, நவம்பர் நடுவில் அதையே இன்னொரு முறை வையுங்கள், ஏனென்றால் விசா தாமதமாகி வருகிறவர்கள் அப்போதுதான் வந்து இறங்குவார்கள். கூட்டத்தில் அமைப்பின் வரலாறு, தலைமையின் வாழ்த்துக் காணொலி, பிபிடி எதுவும் வேண்டாம். வாசிப்பு வட்டம் என்றால் இரண்டு பக்கக் கதை ஒன்றை அச்சடித்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்து, அங்கேயே வாசித்து, அங்கேயே சண்டை போடுங்கள். கிளம்பும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு: பெயர், மின்னஞ்சல், படிப்பு முடியும் செமஸ்டர். ஒரே தாளைச் சுற்றவிட்டால் அடுத்தவர் மின்னஞ்சல் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் துண்டுச் சீட்டு. அன்று இரவே மூன்றாவது வரியைப் பார்த்து, இன்னும் மூன்று செமஸ்டர் மிச்சம் உள்ளவர்களைத் தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த பொறுப்பாளர் அந்தச் சீட்டுகளில்தான் இருக்கிறார். ஜனவரியில் அவரை அறை பதிவு செய்யச் சொல்லுங்கள், மே மாதக் கூட்டத்தை முழுதாக அவரே நடத்தட்டும், பழைய தலைவர் பின் வரிசையில் உட்காரட்டும். கடவுச்சொல், அஸ்டா தொடர்பு, வங்கிக் கையெழுத்து எல்லாம் ஜூலைத் தேர்வுக்கு முன்பே கைமாறிவிட வேண்டும். ஆகஸ்டில் யாரையும் பிடிக்க முடியாது.

மூன்றாவது ஊரை நீங்கள் தேட வேண்டாம். தீசிஸுக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ ஸ்டுட்கார்ட் போன பழைய பொறுப்பாளர் ஒரு நாள் போன் பண்ணி இங்கே நாலு பேர் இருக்கிறோம் என்பார். அந்த நாலு பேரில் இன்னும் ஒரு வருடமாவது படிக்கப்போகிறவர் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அறைப் படிவத்தை அனுப்பி வையுங்கள்.