சீலர் ஒப்பீட்டில் வீணாகும் பற்கள்

ரூட் கெனால் சிகிச்சையில் வேர்க்குழாயை அடைக்கும் பசைதான் சீலர். எந்தச் சீலர் கசியாமல் நன்றாக அடைக்கிறது என்று பிடுங்கிய பற்களில் சோதிப்பது, எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுகலை) மாணவர்கள் ஆண்டுதோறும் கையிலெடுக்கும் தலைப்பு. பல்லைக் காயவிடாமல் வைப்பது, குழாயை அலசுவது போன்றவற்றை வழிகாட்டியே சொல்லிவிடுவார். விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

கால்சியம் சீலருக்கு மெத்திலீன் நீலம்

வழக்கமான முறை இது: ஒற்றை வேர்ப் பல்லின் தலைப்பகுதியை வெட்டி, குழாயை விரித்து, ஜிபியும் (கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற குச்சி) சீலரும் வைத்து அடைப்பார்கள். 37 டிகிரியில், ஈரப்பதத்தில் ஒரு வாரம் இறுக விடுவார்கள். வேரின் நுனி 2 மி.மீ. தவிர மற்ற இடமெல்லாம் இரண்டு கோட் நகப்பாலிஷ். பிறகு 2% மெத்திலீன் நீலத்தில் 72 மணி நேரம் ஊறும். நீளவாக்கில் பிளந்து, நீலம் எத்தனை மி.மீ. ஏறியது என்று ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். அதிகம் ஏறினால் அதிகக் கசிவு என்று கணக்கு.

எபாக்சி ரெசின் சீலரையும், பயோசெராமிக் என்று கடையில் வரும் கால்சியம் சிலிகேட் சீலரையும் இப்படி அருகருகே வைத்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. கால்சியம் சிலிகேட் ஈரம் பட்டு இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடை வெளிவிடும். பி.எச். 11, 12 என்று ஏறும். அந்தக் காரத்தில் மெத்திலீன் நீலம் வெளுத்துவிடும். சாயம் உள்ளே போயிருக்கும், நிறம்தான் இருக்காது. பிளந்து பார்ப்பவர் சீலரை ஒட்டி நீலமே இல்லாததைக் கண்டு அட்டவணையில் 0 எழுதுவார். பக்கத்து ரெசின் சீலரில் அதே சாயம் வெளுக்காமல் பளிச்சென்று நிற்கும், அது தோற்றதாக முடிவாகும். வேரை அடைக்கும் சிமெண்டான எம்.டி.ஏ.விலும், கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த பழைய சீலர்களிலும் இதே கோளாறுதான். இது 1990களிலேயே அச்சில் வந்த விஷயம். இன்னும் அறுபது, எண்பது நல்ல பற்களை இதற்காக வெட்டி வீணாக்குவதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

பல்லைத் தொடும் முன் ஒரு சோதனை போதும். சாயத்தை வெளிர்நீலமாகும் வரை நீர்த்து இரண்டு சிறு குப்பிகளில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இறுகிய சீலரைப் பொடித்துப் போட்டு, இரண்டையும் மூடி 72 மணி நேரம் வையுங்கள். பொடி போட்டது வெளுத்தால் அந்தச் சாயம் அந்தச் சீலருக்கு ஆகாது. இந்தியா இங்க் வெளுக்காது, அது கரித்துகள். ஆனால் துகள் பெரிது என்பதால் மெல்லிய இடைவெளிகளில் நுழையாது. அழுத்தத்தில் நீர் செலுத்தி அளக்கும் முறை இரண்டையும்விட நல்லது. பல் உடையாததால் அதே பல்லை ஆறு மாதம் கழித்தும் அளக்கலாம்.

சிக்கிய காற்று

குழாய்க்குள் காற்று நின்றால் சாயம் ஏறாது. சாயத்தில் மூழ்கடிக்கும்போதே வெற்றிட அறையில் வையுங்கள்.

உலர்ந்த அச்சில் இறுகும் நேரம்

தயாராகக் கலந்து சிரிஞ்சில் வரும் பயோசெராமிக் சீலருக்கு வெளியிலிருந்து ஈரம் வேண்டும். இறுகும் நேரத்தை அளக்க உலர்ந்த எஃகு அச்சில் வைத்தால் அது பிசுபிசுவென்றே கிடக்கும், "இறுகவில்லை" என்று எழுதிவிடுவார்கள். இத்தகைய பொருளுக்கு, சீலர்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 6876 சொல்வது ஈரமூட்டிய ஜிப்சம் அச்சு.

ட்யூப்பின் முதல் துளி

எபாக்சி பேஸ்டில் திரவம் பிரிந்து வாய்ப்பக்கம் நிற்கலாம். எண்ணெய் போல வரும் முதல் பகுதியைத் தள்ளிவிடுங்கள்.

முட்டை வடிவக் குழாய்

எக்ஸ்ரேயை முன்பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தால் முன்கடைவாய்ப் பற்களின் குழாய் வட்டமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பக்கவாட்டிலும் ஒன்று எடுத்துப் பாருங்கள், சில நாடா போல அகன்றிருக்கும். அங்கே ஜிபி நடுவில் நிற்க, ஓரமெல்லாம் சீலர் தடித்துக் கிடக்கும். அந்தப் பற்கள் ஒரே குழுவில் குவிந்தால் கசிவு குழாய் வடிவத்தால் வந்ததா, சீலரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. குழு பிரிக்கும் முன்பே அவற்றை எடுத்துவிடுங்கள், அல்லது எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பங்கிடுங்கள்.